வளையத்துக்குள் விழாத குப்பிகள்

லூயிஸ்டவுன், மொன்டானா
9 பிப்ரவரி 1994

ஆர்டிஸுக்கு,

என்னிடமிருந்து கடிதம் வருவது உங்களுக்குப் பிடிக்காது. உங்கள் தம்பி டாரலுக்கும் பிடிக்காது, அவனுக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன். உங்கள் அப்பாவின் அடக்கத்தன்று நாங்கள் எல்லோரும் சர்ச்சில் காபிக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தபோது, நீங்கள் இந்த வீட்டு நிலவறைக்குள் போய் அவர் துப்பாக்கிக் குண்டு செய்கிற பிரஸ்ஸையும் அச்சுகளையும் ஈயக் கம்பிச் சுருள்களையும் டிரக்கில் ஏற்றிக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் ஓரிகானுக்குப் போய்விட்டீர்கள். அன்றிலிருந்து டாரல் உங்கள் பெயரைச் சொல்வதில்லை. அந்தச் சண்டையைக் கிளற நான் எழுதவில்லை. எனக்கு ஒரு விலை தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

நீங்கள் எடுத்துப்போகாமல் விட்டது செம்புக் குப்பிகளை. துப்பாக்கிக் குண்டுக்கு மேலுறையாகிற, ஒரு பக்கம் மூடிய அந்தக் குட்டிக் குழாய்கள். காபி டின்களில், ஊறுகாய் ஜாடிகளில், இருமல் மருந்து பாட்டில்களில்கூட இருக்கின்றன. நான் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்தவள், தவளையை அறுத்திருக்கிறேன். ஆனால் உங்கள் அப்பாவின் அலமாரி என்னைக் குமட்ட வைக்கிறது. குப்பி என்று நினைத்து ஒரு டின்னைத் திறந்தேன். உள்ளே அவர் மென்று துப்பிய புகையிலை, மேலே ஆடை படர்ந்து, அசைத்தால் இன்னும் ஆடியது. அவர் குண்டுகளுக்குத் தடவுகிற ஆட்டுக் கம்பளிக் கொழுப்பு எல்லாவற்றின் மேலும் இருக்கிறது. ஈர நாய் மாதிரி ஒரு நாற்றம். மேலே வந்து தலைக்குக் குளித்தும் போகவில்லை.

இப்போது ஏன் அவசரம் என்று கேட்பீர்கள். எங்கள் மகள் பிரிட்டாவின் ரத்தத்தில் ஈயம் இருக்கிறது.

அவளுக்கு ஒன்றரை வயது. நீங்கள் அவளைப் பார்த்ததேயில்லை. வழக்கமான சோதனைக்காக விரலில் குத்தினார்கள். பத்துக்குக் கீழே இருக்க வேண்டிய எண் பதினெட்டு. மாவட்ட நர்ஸ் மிஸஸ் பாவ்லிக் சுவர் பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்தார், குழாய்த் தண்ணீரைப் பார்த்தார். இரண்டும் சுத்தம். "எங்கிருந்தோ வருதும்மா, அது நிக்கலைன்னா மூளையைத் தொட்டுடும்" என்றார். எனக்குத் தெரிந்து மீதி இருப்பது நிலவறைதான். கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டேன், சாவி எனக்கும் டாரலுக்கும் மட்டும். இருந்தாலும் அந்த டின்கள் இந்த வீட்டிலிருந்து போனால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

டாரலோ மொத்தமாகக் கொடுக்க மாட்டேன் என்கிறான். குப்பிகளை விலைக்குக் கேட்டு பில்லிங்ஸிலிருந்து லைல் பெக் என்று ஒருவன் வந்தான். என் சமையலறை மேசையில் உட்கார்ந்து, என் காபிக் கோப்பையிலேயே துப்பிக்கொண்டு, "முக்கால்வாசி குப்பை. நீலச் சீட்டு ஒட்டின டின் மட்டும் குடு, இன்னும் எவ்வளவு இருந்தாலும் எடுத்துக்கறேன்" என்றான். அவன் போனதும் கோப்பையைக் கழுவவில்லை. குப்பையில் போட்டேன்.

டாரலைக் குறை சொல்லவில்லை. மில் மூடியதிலிருந்து வீட்டில்தான் இருக்கிறான். செவ்வாயும் வியாழனும் நான் நூலகத்துக்கு வேலைக்குப் போனால் அவன்தான் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறான். நான் திரும்பி வரும்போது ஓவனைக்கூடச் சுத்தம் செய்து வைத்திருக்கிறான். "எந்தப் புருஷன்டி இதெல்லாம் செய்வான்?" என்று என் அம்மா கேட்கிறாள்.

எது நல்லது, எது குப்பை, எப்படித் தெரிந்துகொள்வது? இதை மட்டும் எழுதுங்கள். கையில் ஒரு விலை இருந்தால் நான் அவனோடு வாதாடி இதையெல்லாம் அனுப்பிவிடுவேன். பாதி உங்களுக்கு வரும்.

லோர்னா


பிரைன்வில், ஓரிகான்
15 பிப்ரவரி

லோர்னா,

பிரஸ் எனக்குன்னு அப்பா வாயால சொன்னது. டாரல் பக்கத்துலதான் நின்னான். நான் எடுத்துட்டுப் போனேன்னு ஊரெல்லாம் சொன்னவன் இதை மட்டும் சொல்லல பாரு. போகட்டும்.

லைல் பெக்கை எனக்கு நல்லாத் தெரியும். துப்பாக்கி சுடற பந்தயத்துக்கு வந்தா அடுத்தவன் மேசையில கையை வச்சுட்டு நிப்பான், போனப்புறம் எதாவது குறையும். அவன் தொட்ட குப்பியை நான் இடுக்கியாலதான் எடுப்பேன். அவன் குப்பைன்னு சொன்னா அது நல்லதுன்னு வச்சுக்கோ.

கவனமாக் கேளு. முதல்ல, எதையும் கழுவாதே. அடுத்தது, ஒரு டின்ல இருக்கறதை இன்னொரு டின்ல கொட்டாதே. செத்தாலும் கொட்டாதே. ஒரு ஈடுன்னா ஒரே நாள்ல, ஒரே அச்சுல, ஒரே செம்புத் தகட்டை இழுத்துப் பண்ணினது. சுவர் கனம் எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கும். ரெண்டு ஈட்டைக் கலந்தா ஒரு குண்டு இங்க போகும், ஒண்ணு அங்க போகும். கண்ணால பாத்துப் பிரிக்க முடியாது, அந்தக் கடவுளே வந்தாலும் முடியாது. கலந்ததைப் பந்தயம் சுடறவன் எவனும் தொடமாட்டான். எடைக்குச் செம்பு வாங்கறவன் வந்து மூட்டையில அள்ளிட்டுப் போவான்.

நீலச் சீட்டு கலிபோர்னியாவுல இழுத்தது. அந்த அச்சு உடைஞ்சு போச்சு, இனிமே வராது. ஒரு முழு டின் உன் நூலகச் சம்பளம் ரெண்டு மாசத்துக்கு மேல போகும். சீட்டே இல்லாதது அப்பா செம்புக் குழாயை வெட்டிப் பண்ணினது. அடிப்பக்கம் தடிமனா இருக்கும், பாத்தாலே தெரியும். அது பாதி விலைகூடப் போகாது.

நீலச் சீட்டு புதுசுதானான்னு பாக்க ஒரு இரும்பு வளையம் இந்தக் கடிதத்தோட வச்சிருக்கேன். குப்பியை விரல் நுனியில பிடிச்சு வளையத்துக்கு மேல விடு. தானா வழுக்கி விழுந்தா புதுசு. மாட்டிக்கிட்டா அதைத் தனியா எடுத்து வை. அப்புறம் ஒரு கண்ணாடித் தட்டு மேல அரை அடி உயரத்துலேர்ந்து போடு. புதுசு கணீர்னு பேசும்.

இன்னொண்ணு. செம்புல ஈயம் கிடையாது. வெறும் குப்பி உன் பொண்ணை ஒண்ணும் பண்ணாது. ஈயம் இருந்தது கம்பிச் சுருள்ல, அது என்கிட்ட. அப்புறம் மரத் தட்டுல அப்பா ஈயத் துண்டு வச்சு அமுக்கி, மூக்குக் கூராக்காம விட்டுட்டுப் போன அரைகுறை குண்டுங்க. அது தட்டுத் தட்டா கிடந்தது. அதை எவனும் வாங்கமாட்டான். ஒருத்தன் அமுக்கின ஈயத்தை இன்னொருத்தன் நம்பமாட்டான், எங்காளுங்க புத்தி அப்படி. அதை நீ தொடாதே. அது இன்னும் அங்கேயே இருக்கான்னு மட்டும் எழுது.

பதினெட்டா? ஒன்றரை வயசுக்கா?

ஆர்டிஸ்


லூயிஸ்டவுன்
24 பிப்ரவரி

ஆர்டிஸுக்கு,

முதலில் கெட்ட செய்தி. பிரிட்டாவுக்கு மறுபடி குத்தினார்கள். இருபத்தாறு. நிலவறையைப் பூட்டிய பிறகு ஏறியிருக்கிறது. மிஸஸ் பாவ்லிக் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைக்கிறார். நான் தரையை தினமும் ஈரத்துணியால் துடைக்கிறேன், அவள் கையை மணிக்கொரு தடவை கழுவிக் கழுவித் தோல் சிவந்துவிட்டது. இன்னும் என்ன செய்வது என்று தெரியவில்லை.

நீங்கள் கேட்ட மரத் தட்டுகள் காலியாகக் கிடக்கின்றன. அரைகுறை குண்டு ஒன்றுகூட இல்லை. டாரல் ஏற்கெனவே அப்புறப்படுத்தியிருக்க வேண்டும். நல்லது செய்தான்.

ஒரு ஜாடியைக் கழுவிவிட்டேன், உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே. திட்டாதீர்கள்.

மற்றவற்றுக்கு வளையம் போட்டுப் பார்த்தேன். ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை. நீலச் சீட்டு டின்கள் எல்லாவற்றிலும் மேலடுக்கு சொன்னபடி வழுக்கி விழுகிறது, கண்ணாடியில் மணி மாதிரி ஒலிக்கிறது. கையை உள்ளே விட்டு அடியிலிருந்து எடுத்தால் வளையத்தில் மாட்டிக்கொள்கிறது. கண்ணாடியில் போட்டால் மரப் பொத்தான் விழுந்த மாதிரி ஒரு சத்தம். வாய் விளிம்பை நகத்தால் அழுத்தினால் நசுங்குகிறது. உள்ளே செம்பு நிறம் இல்லை, சாம்பல் பூசிய மாதிரி இருக்கிறது. நல்ல தக்காளியை மேலே அடுக்கி அழுகலை அடியில் வைத்து விற்பார்களே, அந்த மாதிரி. உங்கள் அப்பா அப்படிப்பட்டவரா? மூன்றை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

டாரல் வளையத்தைப் பார்த்துவிட்டான். நீங்கள் அனுப்பியது என்று நான் சொல்லவில்லை.

"இது எங்கே கிடைச்சுது?"

"கீழே, அலமாரிக்கு அடியில."

"அதை வச்சு அளக்கற வேலையெல்லாம் உனக்கு வேண்டாம். லைலுக்கு அளவு தெரியும்."

"லைலா? அவனுக்குத் துப்பறதுக்குக் குப்பைத்தொட்டி எதுன்னே தெரியலை!"

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வளையத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். நான் அவனை மிகவும் நெருக்குகிறேன் என்று தோன்றியது. வேலை போனவனிடம் தினமும் "விற்றுத் தொலை, விற்றுத் தொலை" என்றால் அவனும் என்ன செய்வான்? அன்று இரவுச் சாப்பாட்டுக்கு இறைச்சியை அரைத்து ஓவனில் வேகவைத்தேன், அவனுக்குப் பிடிக்கும் என்று. எனக்கு வாயில் காசைக் கடித்த மாதிரி ஒரு ருசி. கவலையில் நாக்கே கெட்டுவிட்டது போல.

பிரிட்டா ஒரு வார்த்தை பேச ஆரம்பித்திருக்கிறாள், 'சூடு'. யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. அணைந்து கிடக்கிற ஓவனைக் காட்டிக் காட்டி "சூடு, சூடு" என்று கை தட்டுகிறாள். இதை எழுத வேறு யாரும் எனக்கு இல்லை. நீங்கள் அவளுக்கு அத்தை, அதனால் எழுதினேன்.

லோர்னா


பிரைன்வில்
1 மார்ச்

லோர்னா,

உங்க வீட்டுக்கு போன் பண்ணினேன். டாரல் எடுத்தான். என் குரலைக் கேட்டதும் வச்சுட்டான். மறுபடி பண்ணினா எடுக்கவேயில்லை. அதான் இதை விரைவுத் தபால்ல உன் நூலகத்துக்கு அனுப்பறேன்.

அப்பா அப்படிப்பட்டவரான்னு கேட்டே. அப்பா துப்புவார், கெட்ட வார்த்தை பேசுவார், அம்மாவை அழவிட்டிருக்கார். ஆனா ஒரு குப்பியை மாத்தி வச்சு வித்ததில்லை.

நீ அனுப்பினதுல ஒண்ணை ரெண்டா அறுத்துப் பாத்தேன். இது புதுக் குப்பியே இல்லை. இது அந்தத் தட்டுல இருந்த அரைகுறை குண்டு. ஈயத்தை வச்சு அமுக்கினா குப்பி பெருத்துடும், அதான் வளையத்துல மாட்டுது. அந்த ஈயத்தை யாரோ உருக்கி வடிச்சுட்டு, காலிக் குப்பியைப் புதுசு மாதிரி டின்னுக்கு அடியில போட்டிருக்கான். சூட்டுல செம்பு இளகிப் போச்சு, அதான் ஒலி செத்துப்போச்சு. உள்ளே நீ பாத்த சாம்பல் நிறம் ஈயம். சாம்பல் இல்லை.

'இன்னும் எவ்வளவு இருந்தாலும் எடுத்துக்கறேன்'னு லைல் சொன்னானே, அந்தப் பேராசைக்கு உன் புருஷன் போட்ட தீனி இது. கேக்கவே எனக்கு வாந்தி வருது. அப்பா கையால ஒவ்வொண்ணா அமுக்கினது.

இப்ப இதுதான் முக்கியம். விளக்குத் தீயில ஒவ்வொண்ணா காட்டி உருக்கினா ஒரு பக்கம் கருகும். இதுல கருகலே இல்லை. மூணும் சுத்தி ஒரே நிறம். அப்படின்னா மெதுவா, ஒரே சூட்டுல, ஒரு மூடின இடத்துக்குள்ள மொத்தமா வெந்திருக்கு. அறுநூறு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல வேணும் அதுக்கு.

உங்க வீட்டுல அப்படி மூடின இடம் எது லோர்னா?

குழந்தையைத் தூக்கிட்டு முதல்ல வெளியே போ. அப்புறம் யோசி.

ஆர்டிஸ்


கிரேட் ஃபால்ஸ்
8 மார்ச்

ஆர்டிஸ்,

அம்மா வீட்டிலிருந்து எழுதுகிறேன். பிரிட்டா என்னோடு இருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை நூலகத்துக்கு வந்தது. புத்தகம் வாங்க நின்றவர்களைக் காக்க வைத்துவிட்டு அங்கேயே படித்தேன். மூடின இடம் என்றதும் ஓவன்தான் நினைவுக்கு வந்தது. உடனே ஒரு நிம்மதி, ஏனென்றால் எங்கள் ஓவன் ஐந்நூறு டிகிரியோடு நின்றுவிடும். அந்த நிம்மதி எத்தனை நொடி இருந்ததோ. அப்புறம்தான் அதிலிருக்கிற இன்னொரு பொத்தான் ஞாபகம் வந்தது. தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள, கதவைப் பூட்டிக்கொண்டு தொள்ளாயிரம் டிகிரிக்கு ஏறுமே, அது. செவ்வாயும் வியாழனும், என் நல்ல புருஷன், எனக்காக.

கோட்டுகூடப் போடாமல் வீட்டுக்கு ஓடினேன். சமையலறையில் பிரிட்டா உயர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், முன்னால் ஆப்பிள் துண்டுகள். ஓவனில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் அதைக் காட்டி எனக்குச் சொன்னாள், "சூடு!" எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள் தெரியுமா? அவள் முதல் வார்த்தையை இந்த விளக்குதான் கற்றுக்கொடுத்திருக்கிறது.

"உள்ளே என்ன இருக்கு?" என்றேன்.

"ஓவனைக் கிளீன் பண்றேன்."

"டாரல். உள்ளே என்ன இருக்கு?"

"கத்தாதே, குழந்தை பயப்படும். ஜன்னலைத் திறந்துதான் வச்சிருக்கேன்."

ஆமாம், ஜன்னல் ஒரு விரல்கடை திறந்திருந்தது. குழந்தையை அள்ளிக்கொண்டு போய் என் காரில் வைத்து ஹீட்டரைப் போட்டேன். பக்கத்து வீட்டு மிஸஸ் ஓடெகார்டைக் கூப்பிட்டு உடன் உட்கார வைத்தேன். பிறகு திரும்பி வந்து, அந்தக் கதவு பூட்டு விடும்வரை ஓவன் முன்னால் நின்றேன். அவன் பேசிக்கொண்டே இருந்தான். அவனும் நீங்களும் ஈயத்தைக் கையில் உருட்டி விளையாடி வளர்ந்தவர்களாம். "எங்களுக்கு என்ன கேடு வந்துது சொல்லு?" என்றான். அந்த அரைகுறையை யாரும் வாங்க மாட்டார்களாம், காலி செய்தால் காசாம். கடைசியில், "நீதானே வித்துத் தொலைன்னே? உனக்காகத்தானே செஞ்சேன்?" என்றான். அதைக் கேட்டபோதுதான் எனக்குக் கோபம் போய்விட்டது. அருவருப்பு மட்டும் மிஞ்சியது. நாலு வருஷமாக இந்த ஆளின் தட்டில் நான் சாப்பாடு போட்டிருக்கிறேன்.

கதவு திறந்தது. கம்பி அடுக்கின் மேல் குப்பிகள் வரிசையாகக் கவிழ்ந்து நின்றன. அடியில் என் பேக்கிங் தட்டு. ஈயம் அதில் சொட்டி, பளபளவென்று, ஒரு குட்டை மாதிரி தேங்கியிருந்தது. தட்டின் மடிந்த விளிம்புக்குள் பழைய சொட்டுகள் ஒட்டியிருந்தன. முந்தின சனிக்கிழமை அதே தட்டில்தான் அவளுக்குப் பல் முளைக்கிற பிஸ்கட் சுட்டேன். அவள் அதை ஊற வைத்து ஊற வைத்துச் சப்பினாள். நான் அதைப் போட்டோ எடுத்தேன்.

"தட்டைத் துடைச்சுட்டுத்தான் வைப்பேன்" என்றான் டாரல். எதால் என்று கேட்டேன். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சைக் காட்டினான். கையைக் கழுவினேன். கழுவின சோப்பை எறிந்தேன். எறிந்த கையை வைத்து எதைத் தொடுவது என்று தெரியாமல் நின்றேன்.

அன்று மாலை லைல் பெக் வருவதாக இருந்தது. அவன் வண்டிச் சத்தம் கேட்டதும் நான் நிலவறையைத் திறந்து டின்களை மேலே கொண்டுவந்தேன். தாழ்வாரத்தில் துணி அலசும் தொட்டி இருக்கிறது. எல்லாவற்றையும் அதில் கொட்டினேன். நீலச் சீட்டின் மேலடுக்கு, அடியடுக்கு, குழாயில் வெட்டியது, நான் கழுவியது எல்லாம். கொட்டிவிட்டு விறகு கிளறுகிற கம்பியால் கலக்கினேன். நல்லது கணகணவென்று ஒலித்தது, மற்றது ஒலிக்கவில்லை. சீக்கிரமே எது எது என்று தெரியவில்லை.

லைல் படியேறி வந்தான். "அடிப் பாவிப் பொண்ணே! என்ன காரியம் பண்ணினே! அந்த ஈடு இனிமே உலகத்துலயே கிடையாதே!" என்று தொட்டியைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் உட்கார்ந்தான். கண்ணில் நிஜமாகவே தண்ணீர். "என் பொண்ணு ரத்தத்துல ஈயம் இருபத்தாறு" என்றேன். "அப்படியா?" என்று சொல்லிவிட்டுப் பனியில் துப்பினான். மறுபடி தொட்டியைப் பார்த்து அழ ஆரம்பித்தான். டாரல் அவனைத் தோளைத் தட்டித் தேற்றினான்.

உங்கள் பாதியும் அதில் போய்விட்டது. கொட்டும்போது அது நினைவில் இருந்தது. இருந்தும் கொட்டினேன். இப்போது மன்னிப்புக் கேட்க எனக்கு வரவில்லை.

அம்மா வீட்டில் அண்ணன் குடும்பமும் இருக்கிறது. ஒரே அறையில் நாங்கள் ஐந்து பேர். ஏப்ரல் முடிவதற்குள் வேறு இடம் பார்க்க வேண்டும். வாய் விட்டே கேட்கிறேன். கொஞ்ச நாள் நாங்கள் பிரைன்வில் வரலாமா?

லோர்னா


பிரைன்வில்
12 மார்ச்

லோர்னா,

கொட்டினதைப் படிச்சப்ப வயிறு எரிஞ்சுது. பொய் சொல்லமாட்டேன். கடிதத்தைக் கீழே வச்சுட்டு வெளியே போய் நின்னேன். அப்புறம் உள்ளே வந்து லைல் அழுததைப் படிச்சேன். சிரிச்சுட்டேன். அதைத்தான் அந்த நாய்க்கு யாராவது ஒரு நாள் செஞ்சிருக்கணும்.

'எங்களுக்கு என்ன கேடு வந்துது'ன்னு கேட்டானாமே. வந்திருக்கே. தான் பெத்ததை ஓவனுக்கு முன்னாடி உக்கார வச்சுட்டுக் கணக்குப் போடற மண்டை, அது கேடு இல்லாம வேற என்ன? அவன் என் தம்பின்னு சொல்ல எனக்குக் கூசுது.

வா. கேக்கவே வேண்டாம். சமையலறைக்கு அடுத்த ரூமைக் காலி பண்ணிட்டேன். பழைய கட்டில்னா நீ யோசிப்பேன்னு குழந்தைக் கட்டில் புதுசா வாங்கிட்டேன். காலையிலயும் சாயங்காலமும் நான் ஸ்கூல் பஸ் ஓட்டப் போயிடுவேன், வீடு உங்களோடது. பிரஸ் பின் ரூம்ல இருக்கு, கதவு சாத்தியே இருக்கும். நான் டாரல் இல்லை. வேலை முடிஞ்சா கை கழுவாம ஒரு டம்ளரைத் தொடமாட்டேன்.

எந்த பஸ், எந்த நாள்னு எழுது.

ஆர்டிஸ்


கிரேட் ஃபால்ஸ்
17 மார்ச்

ஆர்டிஸுக்கு,

பிரிட்டாவுக்கு இருபத்திரண்டு. இறங்கியிருக்கிறது. அந்த வீட்டை விட்டு வந்ததற்கே இறங்கியிருக்கிறது.

உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன். கட்டில் வாங்கியதைப் படித்து அழுதேன். ஆனால் பின் அறை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அறை வீட்டுக்கு உள்ளேதானே? ஈயக் கம்பியை அங்கேதானே வெட்டுகிறீர்கள்? கையைக் கழுவுவீர்கள், சரி. செருப்பு? அங்கே போட்டுக்கொண்ட அதே செருப்போடுதானே சமையலறைக்கு வருவீர்கள்? அதே சட்டையைத்தானே மற்றத் துணியோடு துவைப்பீர்கள்?

இங்குள்ள சுகாதார ஆபீசில், ஈயத் தூசி இருக்கிறதா என்று சோதிக்கத் தரையைத் துடைத்து அனுப்புகிற துணிகள் கொடுத்தார்கள். சிலவற்றை உறையில் வைத்திருக்கிறேன். எங்கே துடைத்தது என்று மேலே எழுதி, அதில் அச்சடித்திருக்கிற விலாசத்துக்கு அனுப்பினால் போதும். உங்களைச் சந்தேகப்படவில்லை என்று எழுதினால் அது பொய். இப்போது நான் யாரையும் நம்புவதில்லை. என் கையையே நம்புவதில்லை.

கோபித்துக்கொள்வீர்கள். கோபித்துக்கொண்டாலும் துடைத்து அனுப்புங்கள்.

லோர்னா


பிரைன்வில்
2 ஏப்ரல்

லோர்னா,

கோவிச்சுக்கிட்டேன். உன் துணியெல்லாத்தையும் குப்பையில போட்டேன். 'படிச்ச திமிர்'னு சத்தமாச் சொல்லிக்கிட்டேன், வீட்டுல கேக்க யாருமில்லை. அடுத்த நாள் பஸ்ல ஒரு சின்னப் பையன் ஜன்னல் கம்பியை நக்கிக்கிட்டே வந்தான். அவனைப் பாத்துட்டு வீட்டுக்கு வந்து துணியைக் குப்பையிலேர்ந்து எடுத்தேன்.

நேத்து ரிசல்ட் வந்துது.

பின் ரூம் எப்படி இருக்கும்னு எனக்கே தெரியும், அதை விடு. சமையலறை மேசைக்கு அடியிலயும் ஈயம் இருக்கு. நான் உக்காந்து சோறு தின்ற நாற்காலிக்கு அடியில இன்னும் ஜாஸ்தி. என் செருப்பு நடந்த வழியெல்லாம் இருக்கு. புதுக் கட்டிலுக்குப் பக்கத்துல, உன் பொண்ணு காலை இறக்கற இடத்துல துடைச்சேன் பாரு, அதைப் படிச்சுட்டு அந்தச் சோதனைக்கூடத்துப் பொண்ணு போன்ல கேக்கறா, "மேடம், அங்க குழந்தை யாராவது இருக்காங்களா?"ன்னு. இல்லைன்னேன். "வரப்போறாங்களா?"ன்னா.

ராத்திரி சாப்பிட உக்காந்தேன். தட்டைப் பாத்துட்டு எழுந்துட்டேன். டாரலைப் பத்தி உனக்கு என்னென்ன எழுதினேன், எல்லாம் ஞாபகம் வந்துது. அவன் பொத்தானை அமுக்கினான். நான் செருப்பைக் கழட்டலை. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவனைத் திட்டினேன்னு தெரியலை.

அதனால இதைக் கேளு. இங்க வராதே. நான் கெஞ்சினாகூட அவளை இந்த வீட்டுக்குள்ள கொண்டுவராதே.

நான் வர்றேன். ஸ்கூலுக்கு ஒரு வாரம் லீவு வருது. என் பந்தயத் துப்பாக்கியை வித்துட்டேன். கிரேட் ஃபால்ஸ்ல உங்க ரெண்டு பேருக்கு ஒரு வீடு பிடிக்க அந்தப் பணம் முதல்ல போதும். புது வீடாப் பாரு. பெயின்ட் வாசனை இன்னும் போகாததா இருந்தா நல்லது. பிரஸ்ஸை விக்கலை. வித்தா அது இன்னொரு சமையலறைக்குப் பக்கத்துலதான் போய் உக்காரும்.

என் டிரக்குல வரமாட்டேன், அதுலதான் அப்பாவோட ஈயமெல்லாம் ஏத்திட்டு வந்தேன். பஸ்ல வர்றேன். புதுச் சட்டை, புது பேன்ட், புதுச் செருப்பு வாங்கி கடைக்காரன் கட்டிக் குடுத்தபடியே வச்சிருக்கேன், இந்த வீட்டுக்குள்ள பிரிக்கலை. பஸ் ஸ்டாண்டு பாத்ரூம்ல குளியல் போட முடியாது, ஆனா தலையைக் குழாய்க்கு அடியில காட்டலாம். அங்கேயே மாத்திப்பேன். பழசை அங்கேயே குப்பையில போட்டுடுவேன்.

உங்க அம்மா வீட்டு வாசல்ல வந்து நிப்பேன். உள்ளே வரமாட்டேன், கையை நீட்டமாட்டேன். அவளைத் தூக்கிட்டு வந்து எட்ட நின்னு காட்டு. என்னைப் பாத்து அவ 'சூடு'ன்னு சொன்னாலும் சரி. தொடலாமா வேண்டாமான்னு நீ சொல்லு. நீ சொல்றவரைக்கும் நான் அப்படியே நிப்பேன்.

ஆர்டிஸ் அத்தை